கோவில்பிள்ளையும் கதாசிரியர்களும்

பங்குத் திருவிழா மேடைகளிலும் இளைஞர் கருத்தரங்குகளிலும் அடிக்கடி காதில் விழும் கதை ஒன்று உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத கோவில்பிள்ளை ஒருவர். புதிதாக வந்த குரு அதனைக் காரணம் காட்டி அவரை வேலையை விட்டு நீக்கிவிடுகிறார். மனம் சோர்ந்து தெருவில் நடந்தவர், புகைபிடிக்க விரும்பிக் கடை தேடுகிறார். நெடுந்தெரு முழுவதிலும் ஒரு புகையிலைக் கடைகூட இல்லை. தாமே ஒரு கடையைத் தொடங்குகிறார். பத்தாண்டுகளில் பத்துக் கடைகள். வங்கி மேலாளர் ஒருநாள், படிப்பின்றியே இவ்வளவு ஈட்டியவர் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று வியக்கிறார். தாம் அதே ஆலயத்தில் கோவில்பிள்ளையாகவே இருந்திருக்கக் கூடும் என்று மறுமொழி வருகிறது. அவையில் கைதட்டல் எழுகிறது. கைதட்டுவோருக்குப் பின்னே, ஒலிபெருக்கிக் கம்பியைச் சரிசெய்தவாறு, அப்பங்கின் கோவில்பிள்ளை நின்றுகொண்டிருப்பார். அவர் காதிலும் கதை விழுகிறது என்பதைச் சொல்பவர் நினைப்பதில்லை.

இக்கதை ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் எழுதிய 'வெர்ஜர்'. 1936 இல் வெளிவந்த 'காஸ்மோபாலிட்டன்ஸ்' என்னும் தொகுதியில் இடம்பெற்றது. 1950 இல் 'ட்ரியோ' என்ற திரைப்படத்தின் ஒரு பகுதியாகவும் வந்தது. இதனைக் கேட்டவர்கள் பலர், படித்தவர்கள் சிலர். கேட்டு வழங்கும் கதைக்கும் எழுதிய கதைக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று பார்க்க விரும்பினேன். பார்த்தபோது எழுதிய கதையிலேயே ஒரு குறை தென்பட்டது. அக்குறை மாமுக்கு மட்டும் உரியதன்று என்பதும் பின்னர்ப் புலனாயிற்று.

முதலில் ஒரு விளக்கம். மாமின் கதைத் தலைவரான ஆல்பர்ட் எட்வர்ட் ஃபோர்மன் ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவர். வெர்ஜர் என்னும் பதவிப் பெயர், பவனியின் முன்னே அவர் ஏந்திச் செல்லும் கோலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நம் கத்தோலிக்க ஆலயங்களில் திருப்பொருள்களைக் காப்பவரை மேனாட்டார் சாக்ரிஸ்தான் என்பர். புனிதப் பொருள்களோடு தொடர்புடைய பெயர் அது. ஒன்று கோலால் பெற்ற பெயர், மற்றொன்று பொருளால் பெற்ற பெயர். தமிழ் மக்களோ கோவில்பிள்ளை என்றார்கள். வீட்டில் பிள்ளைக்கு என்ன உரிமையும் பொறுப்பும் உண்டோ, அது அப்பெயரில் அடங்கியுள்ளது. தென் மாவட்டங்களில் பெற்றோர் தம் மக்களுக்கே இப்பெயரை இட்டு மகிழ்ந்தனர். பெயரளவில் நாம் அவரை உயர்த்தியே வைத்திருக்கிறோம். ஊதியத்தைப் பற்றி இங்குப் பேசாதிருப்பது நலம்.

கதைக்கு வருவோம். மேடையில் சொல்பவர்கள் முற்றிலும் விட்டுவிடும் பகுதி அதன் தொடக்கம். அதுவே கதையின் மிகச் சிறந்த பகுதியும் ஆகும். அன்று மாலை ஒரு திருமுழுக்கு நடந்து முடிந்திருக்கிறது. ஃபோர்மன் இன்னும் தம் பணியுடையில் இருக்கிறார். புதிய அங்கியைத் திருமணங்களுக்கும் அடக்கச் சடங்குகளுக்கும் என்று ஒதுக்கிவைத்திருப்பதால் இன்று உடுத்தியிருப்பது இரண்டாந்தரமானது. பதினாறு ஆண்டுகளாக அவர் உடுத்திய அங்கிகள் கிழிந்து நைந்த பின்னும் எறிய மனம் வராமல், பழுப்புத் தாளில் ஒழுங்காகச் சுற்றி, தம் படுக்கையறை அலமாரியின் கீழ் இழுப்பறைகளில் அடுக்கிவைத்திருக்கிறார். திருமுழுக்குத் தொட்டியின் மரமூடியைப் பொருத்துகிறார். தளர்ந்த மூதாட்டி ஒருவருக்காகக் கொண்டுவந்த நாற்காலியை அகற்றுகிறார். குரு உடை மாற்றும் அறையை விட்டு வந்தால் அவ்விடத்தையும் ஒழுங்குபடுத்திவிட்டு வீடு செல்லலாம் என்று காத்திருக்கிறார். ஆலயத்தில் வழிபாடு முடிந்த பிறகுள்ள அரை மணி நேரத்தை இவ்வளவு துல்லியமாக எழுதிய வேறு எழுத்தாளரை நான் படித்ததில்லை. மக்கள் கலைந்துவிட்டனர், மெழுகின் மணம் இன்னும் தங்கியிருக்கிறது, ஒருவர் மட்டும் ஓசையின்றி நடமாடுகிறார். நம் பங்குகளில் இக்காட்சி நாள்தோறும் நிகழ்கிறது, நாம் பார்ப்பதில்லை.

இவ்வளவு கண்ட எழுத்தாளர் அதன் பிறகு ஏன் வேறு பக்கம் திரும்பிவிட்டார்? விடை ஃபோர்மனின் முன்வாழ்க்கையில் உள்ளது. பன்னிரண்டு வயதில் வேலைக்காரச் சிறுவனாகச் சேர்ந்து, பெரிய வீடுகளில் படிப்படியாக உயர்ந்து, தூதராயிருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் இல்லத்தில் தலைமைப் பணியாளராக விளங்கியவர் அவர். மாமுக்கு அவ்வுலகம் நன்கு தெரியும். ஆகவே ஆலயத்தை அவர் இன்னொரு பெரிய வீடாகவும், ஃபோர்மனை அவ்வீட்டின் பண்பட்ட பணியாளராகவும் காண்கிறார். பணியாளரின் மிடுக்கைக் காண்கிறார். உடையின் மீதுள்ள பற்றைக் காண்கிறார். வீட்டின் தலைவர் யார் என்ற கேள்வி மட்டும் அவருக்கு எழவில்லை. கதை முழுவதிலும் ஒரு திருக்கிண்ணம்கூடக் கண்ணில் படுவதில்லை. ஆகவேதான் நெவில் சதுக்கத்து ஆலயத்தை விட்டு ஃபோர்மன் வெளியேறியதும், ஒரு வீட்டு வேலையை விட்டு மற்றொரு தொழிலுக்குச் சென்றது போலக் கதை எளிதாக நகர்ந்துவிடுகிறது. அதன் பின் ஆலயம் ஒரு பெயராக மட்டுமே நிற்கிறது.

மேடைக்கதை மறைக்கும் இன்னொன்றும் உண்டு. புதிய குரு ஃபோர்மனை உடனே துரத்திவிடவில்லை; படித்துக்கொள்ள மூன்று மாத அவகாசம் தருகிறார். இந்த வயதில் தம்மால் இயலாது என்று மறுப்பவர் ஃபோர்மன்தான். பழைய குருவோ, இவருக்கு எழுத்தறிவில்லை என்று தெரிந்தும் அதனைப் பொருட்படுத்தாதவர். இதனால் பழையவர் நல்லவர், புதியவர் கொடியவர் என்று நினைக்கிறோம். சற்றுக் கூர்ந்து நோக்கினால் அவ்வாறு சொல்லத் தோன்றவில்லை. சீமான்களின் இல்லங்களில் விருந்துண்டு வந்த பழைய குருவின் பெருந்தன்மை ஒரு வகைச் சோம்பல்தான். எத்தனை ஆண்டுகள் அருகருகே இருந்தனர்! மாலையில் கால்மணி நேரம் அமர்ந்து எழுத்தைக் கற்பிக்க அவருக்குத் தோன்றவில்லை. புதியவர் ஆணையிட்டார், கற்பிக்க அவரும் முன்வரவில்லை. எழுத்தறிவு வேண்டும் என்ற அவருடைய கோரிக்கை தவறன்று. 1969 இல் வந்த மூன்றாண்டுச் சுழற்சி வாசக நூலை நாம் பயன்படுத்தத் தொடங்கிய பின், எந்த ஆண்டு, எந்த ஞாயிறு, எந்த நிறம் என்று அறிந்து எடுத்துவைக்க எழுத்தறிவு இன்றியமையாதது. அவருடைய தவறு, பதினாறு ஆண்டு அறிவு அம்மனிதரின் கையில் இருப்பதை எண்ணிப் பார்க்காததே. மாம் குருவைப் பார்த்து நகைக்கிறார். ஆனால் அவரும் அதையேதான் செய்கிறார். குரு எழுத்தைக் கொண்டு ஃபோர்மனை அளந்தார். கதாசிரியர் முப்பதாயிரம் பவுனைக் கொண்டு அளக்கிறார். அப்பதினாறு ஆண்டுகளை இருவருமே எடைபோடவில்லை.

இக்கதையை அப்படியே தலைகீழாகத் திருப்பியது போன்ற வரலாறு ஒன்று நம் திருச்சபையிலேயே இருக்கிறது. கோவில்பிள்ளைகளின் பாதுகாவலரான அண்டர்லெக்ட் நகரப் புனித குய்தோவின் வரலாறு அது. பெல்ஜிய நாட்டுப் பிரசல்சு நகருக்கு அருகே லாக்கன் என்னும் ஊரின் மாதா ஆலயத்தில் இவர் திருப்பொருள்களைக் காத்துவந்தார். ஏழைகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமே என்று ஆசை காட்டி, நகரத்து வணிகர் ஒருவர் இவரைக் கூட்டு வாணிகத்துக்கு அழைத்தார். இவரும் பணியை விட்டுச் சென்றார். சரக்கேற்றிய கப்பல் மூழ்கியது. திரும்பி வந்து பார்த்தால் ஆலயத்தில் இவருடைய இடத்தில் வேறொருவர். பின்னர் உரோமைக்கும் எருசலேமுக்கும் திருப்பயணியாய்ச் சென்று, 1012 இல் அண்டர்லெக்டில் இறந்தார். ஃபோர்மன் ஆலயத்தை விட்டதும் செல்வம் வந்தது. குய்தோ விட்டதும் கையிலிருந்ததும் போயிற்று. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, பக்தி வரலாறும் உலகியல் கதையும் ஒரே குறையைப் பகிர்ந்துகொள்வது தெரிகிறது. புனிதர் வரலாறுகள் குய்தோவின் கப்பலை விரிவாகச் சொல்கின்றன, பயணத்தைச் சொல்கின்றன. லாக்கனில் அவர் பீடத்தைத் துடைத்த ஆண்டுகளைச் சில வரிகளில் முடித்துவிடுகின்றன. கோவில்பிள்ளை கதவைத் தாண்டி வெளியே கால் வைத்தால்தான் எழுத்தாளர்கள் அவரைக் காண்கிறார்கள். உள்ளே இருக்கும்வரை அவர் கதைக்கு உதவாதவர்.

உள்ளேயே வைத்துக் காட்டியவர்கள் அவரைக் கோமாளி ஆக்கினர். புச்சினியின் 'டோஸ்கா' இசை நாடகம் 1900 சனவரி 14 அன்று உரோமையில் அரங்கேறியது. அதன் முதல் அங்கத்தில் வரும் கோவில்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே ஓவியரின் தூரிகைகளைக் கழுவுகிறார். அவ்வோவியரின் உணவுக்கூடை மீது கண் வைக்கிறார். அரங்கு சிரிக்கிறது. மூவேளைச் செபமணி ஒலித்ததும் வேலையை நிறுத்தி முழந்தாளிட்டுச் செபிப்பவர் அக்காட்சியில் அவர் ஒருவரே. அவர் கூடையைப் பார்ப்பது பசியினாலும் இருக்கலாம்.

இவை எல்லாவற்றிலும் கடுமையானது பிலிப்பைன்சு நாட்டு ஹோசே ரிசால் எழுதி 1887 இல் வெளியிட்ட 'நோலி மே தாங்கெரே' என்னும் நாவல். உயிர்த்த ஆண்டவர் மரியாவிடம் சொன்ன சொல்லின் இலத்தீன் வடிவமே தலைப்பு. குருக்களைக் கடுமையாகச் சாடும் நூலாதலால் நம்மில் பலர் அதனைத் தொடுவதில்லை. தொட வேண்டும் என்பதே என் கருத்து. சீசா என்னும் ஏழைத்தாயின் மக்கள் பசிலியோ, கிறிஸ்பின் என்ற இரு சிறுவர்கள் ஆலயத்தில் மணியடித்துப் பணிசெய்கிறார்கள். இரண்டு பொற்காசுகள் காணவில்லை. ஐயம் இளையவனான கிறிஸ்பின் மீது விழுகிறது. தலைமைக் கோவில்பிள்ளை அவனை இழுத்துச் செல்கிறார். அவன் அதன் பின் வீடு திரும்பவில்லை. மணிக்கயிற்றைப் பற்றி இறங்கித் தப்பிய பசிலியோ நெற்றியில் குருதியோடு தாயிடம் ஓடுகிறான். தாய் மக்களைத் தேடித் தேடி அறிவு பேதலிக்கிறாள்.

ரிசாலின் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நாவலின் இப்பகுதியை மட்டும் படித்தாலும் ஓர் உண்மை தெரிகிறது. விலையுயர்ந்த பொருள்களை நாம் ஏழையின் கையில் ஒப்படைக்கிறோம். ஒன்று குறைந்தால் முதலில் அவன் கையைத்தான் பார்க்கிறோம். இது பிலிப்பைன்சோடு நின்றுவிடும் செய்தி அன்று. உண்டியல் உடைந்தாலும் மாதாவின் நகை காணாமற்போனாலும் விசாரணைக்கு முதலில் அழைக்கப்படுபவர் யார் என்பதை வாசகர்கள் அறிவர். குற்றமற்றவர் என்று தெரிந்த பின்னும் அவர் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க மாதக்கணக்காகும். பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு ஒரு மாற்றை விவிலியம் வைத்திருக்கிறது. வெறும் கணக்கு என்று நாம் தாண்டிச் செல்லும் இடத்தில் வைத்திருக்கிறது. எஸ்ரா நூலின் எட்டாம் அதிகாரத்தில், எருசலேம் திரும்பும் முன் எஸ்ரா வெள்ளியையும் பொன்னையும் கலங்களையும் பன்னிரு குருக்களிடம் நிறுத்து ஒப்படைக்கிறார். 650 தாலந்து வெள்ளி, 100 தாலந்து பொன், 20 பொற்கிண்ணங்கள், பொன்னுக்கு நிகரான இரு வெண்கலக் கலங்கள் என்று பட்டியல் செல்கிறது. வழியில் கள்வர் அச்சம் உண்டு. அரசரிடம் படைத்துணை கேட்க எஸ்ராவுக்கு வெட்கம். எருசலேம் சேர்ந்து மூன்று நாள் தங்கி, நான்காம் நாள் அனைத்தையும் மறுபடி நிறுத்து, எண்ணி, எழுதிவைக்கிறார்கள். ஏன் இருமுறை நிறுத்தார்கள்? பொருளைக் காக்க என்று பொதுவாக உரை சொல்வர். சுமந்தவரைக் காக்கவும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் முறை நிறுத்து எழுதிய பின் அக்குருக்களை எவரும் ஐயுற முடியாது. 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1283 ஆம் எண், பொறுப்பேற்பவர் பணி தொடங்கும் முன் விலையுயர்ந்த பொருள்களின் துல்லியமான பட்டியலைத் தயாரித்துக் கையொப்பமிட வேண்டும் என்கிறது. பங்குத்தந்தையர் பணிமாற்றத்தின்போது அப்பட்டியலைப் புரட்டுவது உண்டு. பொருள்களை நாள்தோறும் கையாளும் கோவில்பிள்ளையை அருகில் வைத்து எண்ணி, அவரிடமும் ஒரு படி கொடுக்கும் பங்குகள் எத்தனை?

எழுத்தாளர்கள் காணத் தவறிய பணி எத்தகையது என்பதையும் சொல்லவேண்டும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்க்கலாம். முலாம் பூசிய கிண்ணத்தை அவ்வாறு தேய்த்தால் சில ஆண்டுகளில் முலாம் போய்விடும். கிண்ணம் துடைத்த துகிலை மற்றத் துணிகளோடு சேர்த்து வெளுக்கப் போடக்கூடாது; முதல் நீரைத் திருப்பொருள் கழுவும் தொட்டியிலோ மிதிபடாத மண்ணிலோ ஊற்றவேண்டும். மழைக்காலத்தில் அப்பத்தில் ஈரம் ஏறும். ஞாயிறு இரண்டாம் பூசைக்கு எத்தனை பேர் நற்கருணை வாங்குவார்கள் என்று கூட்டத்தைப் பார்த்தே கணிக்கவேண்டும். நற்கருணைப் பேழைக்கு முன் எரியும் விளக்கு அணையக்கூடாது. இவற்றுள் சிலவற்றை ஏடுகள் சொல்கின்றன. திருப்பலி நூலின் பொது விதிமுறை 105 ஆம் எண்ணில் கோவில்பிள்ளையைப் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறது. பெரும்பாலானவை கையிலிருந்து கைக்கு வருபவை. குருமடத்தில் எட்டாண்டு இறையியலும் மெய்யியலும் படித்து வெளிவரும் இளங்குரு, முதற்பங்கில் இவற்றை யாரிடம் கற்கிறார் என்று கேட்டால் உண்மை விளங்கும். முற்காலத்தில் குருத்துவத்துக்குச் செல்வோர் வாயிற்காப்போர் என்னும் சிறுபட்டத்தைப் பெற்றனர். ஆயர் ஆலயத் திறவுகோல்களைத் தொடச் செய்து, இவற்றால் பூட்டப்படும் பொருள்களுக்கு இறைவனிடம் கணக்குக் கொடுக்கவேண்டியவராய் நடந்துகொள்ளுமாறு அறிவுறுத்துவார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1972 இல் அப்பட்டத்தை நீக்கினார்; எங்கள் தலைமுறைக் குருக்கள் அதனைப் பெற்றதில்லை. பட்டம் போயிற்று, திறவுகோல் கோவில்பிள்ளையின் இடுப்பில் இருக்கிறது.

ஏழைகள் வாட, வெள்ளியையும் பொன்னையும் துடைப்பதா பெரிது என்று சிலர் கேட்பர். நல்ல கேள்வி. மிலான் ஆயர் புனித அம்புரோசியார் நான்காம் நூற்றாண்டில், போரில் சிறைப்பட்டோரை மீட்கத் திருக்கலங்களை உடைத்து உருக்கினார். ஆரியக் கொள்கையினர் தூற்றியபோது, உயிருள்ள கலங்களைக் காப்பதே மேல் என்னும் கருத்துப்பட விடை எழுதினார். எல்லாரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இது. அவர் அவ்விடத்திலேயே சொல்லும் மற்றொன்றை எடுத்துக்காட்டுவார் குறைவு. திருச்சடங்கில் இன்னும் பயன்படுத்தப்படாத கலங்களையே முதலில் தேடி எடுத்ததாகவும், கிண்ணம் கிண்ண வடிவிலேயே ஆலயத்தை விட்டு வெளியே போகாதபடி பார்த்துக்கொண்டதாகவும் கூறுகிறார். எந்தக் கலம் பயன்பட்டது, எது படாதது என்று ஆயருக்கு எப்படித் தெரியும்? அலமாரியைத் திறந்து, இது ஆயிற்று, இது ஆகவில்லை என்று பிரித்துக் கொடுக்க ஒருவர் இருந்திருக்கவேண்டும். அவர் பெயரை அம்புரோசியார் எழுதவில்லை. அறம் செய்யக் கலத்தை உடைக்கவேண்டிய நாளிலும், அதனை அதுவரை காத்தவர் தேவைப்பட்டார்.

இனி மாமின் இறுதி வரிக்குத் திரும்பலாம். அது ஒரு நகைச்சுவைத் திருப்பம் என்பதில் ஐயமில்லை. அவர் அதற்காகவே கதையை அமைத்தார். ஆயினும் முதற்பக்கத்தை மறவாமல் படிப்பவருக்கு அவ்வரி வேறு விதமாகவும் ஒலிக்கிறது. பத்துக் கடைகளுக்கு உரியவரிடம், வேறு வாழ்க்கை அமைந்திருந்தால் என்ன ஆகியிருப்பீர் என்று கேட்கிறார்கள். அவர் பதினோராவது கடையைச் சொல்லவில்லை. ஆலயத்தின் பெயரைச் சொல்கிறார். ஏளனமாகச் சொன்னாரா, ஏக்கத்தோடு சொன்னாரா என்று மாம் எழுதவில்லை. ஏளனம் என்று நாமாக முடிவுசெய்து கைதட்டுகிறோம். அங்கிகளைப் பழுப்புத் தாளில் சுற்றிவைத்த மனிதர் அப்படிச் சொல்லியிருப்பாரா என்பது என் ஐயம்.

கதையை மேடையில் சொல்ல விரும்புவோர் சொல்லட்டும், நல்ல கதைதான். மூடியைப் பொருத்திய கையையும், நாற்காலியை அகற்றிய கையையும், அலமாரியில் அடுக்கிய அங்கிகளையும், மூன்று மாத அவகாசத்தையும் சேர்த்துச் சொல்லட்டும். மூன்று நிமிடம் கூடுதலாகும்.